எதிர்ப்பக்கம் நின்று எழுதிய மரங்கள்

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் டைரி எழுதுகிறேன். தங்கச்சி மகள் செண்பகவல்லி கொடுத்தது. போன வருஷத்து டைரி, ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்ததாம். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செண்பகவல்லி அறிவியல் டீச்சர். எங்கள் ஆனைப்பாலம் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் ரோட்டோரம் நிற்கும் அறுபத்துமூன்று மரத்துக்கும் பெயர், சுற்றளவு, நாட்டு மரமா வெளியூர் மரமா என்று பட்டியல் வேண்டுமாம். நாட்டு மரமாக இருந்து, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் ரோடு அதை ஒதுக்கி வளைந்து போகும். மற்றதெல்லாம் வெட்டு. இந்த வேலையை அவள் ஒப்புக்கொண்டாள். பள்ளிக்கூடம் இன்று திறந்துவிட்டது, நேரமில்லை. என்னிடம் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

நான் ஏழாம் வகுப்பு வரைதான். அதை ஒளிப்பதில்லை. ஆனால் மர அறுப்பு மில்லில் முப்பத்துநான்கு வருஷம் அளவுக்காரனாக இருந்தவன். தேக்கு, வேங்கை, மருது, அயினி, ஈட்டி என்று என் கைக்குத் தப்பிய மரம் இந்த மேற்கு மலையில் கிடையாது. ஒரு கொச்சி வியாபாரி என் கண்ணைக் கட்டிவிட்டுப் பதினெட்டுத் துண்டை முன்னால் அடுக்கினார். பதினெட்டுக்கும் பெயர் சொன்னேன். மனுஷன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டுப் போனார்.

செண்பகவல்லி நிறையச் சொன்னாள். பட்டையைத் தொட்டுப் பார்க்கணுமாம். இலையைக் கசக்கி முகரணுமாம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணுமாம். கீழே கிடக்கும் காயைப் பொறுக்கணுமாம்.

"தெரியலன்னா தெரியலன்னு எழுதிருங்க மாமா. ஞாயித்துக்கெழம நான் வந்து பாத்துக்கிடுதேன்."

"ஏட்டி, தெரியலன்னு எழுதத்தான் என்னக் கூப்ட்டியா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஜூன் 3, செவ்வாய்

பதினான்கு மரம் முடிந்தது. வேம்பு, புளி, புங்கன். குழந்தைக்கும் தெரிந்த மரங்கள். பெயரில் சிரமமில்லை, பக்கத்தில் போவதில்தான் சிரமம்.

ஆறாம் மரத்தில் மூலநோய் வைத்தியர் தகரப் பலகையை ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஆணி வழியாகப் பிசின் வடிந்து சீழ் போல உறைந்திருக்கிறது. அதன் மேல் எறும்பு. அதற்குக் கீழே இடுப்பு உயரம் வரை வெற்றிலை எச்சில். ஒன்பதாம் மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்தது. கழுத்தெல்லாம் தடித்துப்போய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் மரத்துக்கு அடியில் காக்கை எச்சம் மாவு கொட்டினதுபோல.

மில்லுக்கு வரும் மரத்தில் இந்த அசிங்கம் எதுவும் கிடையாது. இலை இல்லை, புழு இல்லை, எச்சில் இல்லை. குளிப்பாட்டி அனுப்பியதுபோல வந்து இறங்கும். உயிரோடு இருக்கிற மரம் இவ்வளவு அருவருப்பானது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

நேற்றிலிருந்து புது ஏற்பாடு. கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் ஏழெட்டுச் சொட்டு விட்டு மூக்கில் கட்டிக்கொள்கிறேன். ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தாலே எனக்குப் போதும். பழகின கண். அளவு மட்டும் கிட்டப் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் அந்தந்தக் கடைக்காரர் டேப்பைப் பிடிப்பார்.

பதினேழாம் மரம் பெரிய சனியன். இந்தப் பக்கம் மைதீன் பாத்து தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பழைய துணி கிழிசல் தைப்பாள், பாவாடைக்கு நாடா கோப்பாள். அந்தப் பக்கம் சாக்கடை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பிளைகள் எல்லாரும் சாக்கடையைத் தாண்டிப் போய் அந்த மரத்தடியில்தான் ஒதுங்குகிறார்கள். அடிமரம் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்து ஈரம் காயாமல் நிற்கிறது. பார்த்ததும் காலையில் தின்ற இட்டிலி தொண்டைக்கு வந்தது.

டேப்பை அவளே பிடித்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் சுற்றி வந்தாள். மூன்று மீட்டர் அறுபத்திரண்டு.

"இது என்ன மரம் அண்ணாச்சி? இருபத்தோரு வருசமா இதுக்குக் கீழதான் இருக்கேன். பேரு கேட்டதே இல்ல."

நான் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். பட்டை வெளுத்து வழவழவென்று, தோல் உரிந்தமாதிரி ஏடு ஏடாகக் கழன்றிருக்கிறது. மூச்சை இழுத்தேன். சந்தேகமே இல்லை, கும்மென்று தைல வாசனை.

"தைலமரம். வெள்ளக்காரன் ஆஸ்திரேலியாலருந்து கப்பல்ல கொண்டாந்தது. இந்த எடத்துல ஒரு தொரையோட கூடாரம் இருந்துச்சு. அவன் கையால நட்டது."

"தைலமரம்னா வாசம் வரணும்லா?"

"வருதுல்லா. நல்லா மூச்ச இழுத்துப் பாரு."

"எனக்கு வேற வாசந்தான் வருது அண்ணாச்சி. கைக்குட்டைய அவுத்துட்டு இந்தப் பக்கமா வந்து பாருங்க. காய் கெடக்கு பாருங்க, அஞ்சு செறகு வச்ச மாதிரி. தைலமரத்துல இப்படியா காய்க்கும்?"

ஒரு காயைக் கையில் எடுத்து நீட்டினாள். அது விழுந்து கிடந்த இடத்தை நினைத்தாலே உடம்பு கூசியது. தொடவில்லை. தைலமரம் என்று எழுதி, பெயருக்குக் கீழே அலங்காரமாக ஒரு சுழியும் போட்டேன்.

ஜூன் 7, சனி

அறுபத்துமூன்றும் முடிந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

நாற்பத்தொன்று கோமதிநாயகம் டீக்கடை மரம். "நாட்டு மரம்னு போட்டு விடுங்க அண்ணாச்சி, கடை நிழலே அதுதான்" என்றான். இஞ்சி டீ போட்டுக் கொடுத்தான். வாகை என்று எழுதினேன். அங்கே இருந்தவர்களுக்குக் கொச்சி வியாபாரி கதையைச் சொன்னேன். முப்பது துண்டுக்கும் நான் பெயர் சொன்னதைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். செண்பகவல்லி குடை பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் பத்து மரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பத்தும் சரி. அதற்குள் நனைந்து தும்மல் வந்துவிட்டது. நாளைக்கே பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

"மூணு அறுபத்திரண்டுல தைலமரமா மாமா? நம்ம ரோட்டுலயா? எலையக் கசக்கிப் பாத்தியளா?"

"கசக்கி மூக்குல வச்சுப் பாத்தேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனா மையில் சாரல் பட்டு லேசாகப் பரவியது. அவளுக்குச் சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

ரோட்டு ஆபீஸ் வாசலில் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். மரங்களிலும் அடையாளம் போட்டாயிற்று. வெட்ட வேண்டியதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. பதினேழாம் மரத்தில் பெயிண்ட் வழிந்து மைதீன் பாத்துவின் மெஷின் மேல் சொட்டியிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் 23-ஆம் தேதிக் கூட்டத்தில் சொல்லலாமாம்.

"வெளிநாட்டு மரமாம், ரோடு ஒதுங்காதாம். வெட்டப் போறாவளாம் அண்ணாச்சி. நான் எங்க போய் ஒக்கார?"

"சட்டம் அப்படி" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

வயிறு சரியில்லை. வெளியே போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

கரண்டுக் கம்பியில் இடிக்கிறதென்று பதினேழாம் மரத்தின் மேல்கிளை ஒன்றை மெஷின் ரம்பம் வைத்து அறுத்தார்கள். என் தொடையைவிடத் தடித்த கிளை. நான் கடைக்குப் போகிற வழி. கைக்குட்டை கட்டவில்லை, வேலைதான் முடிந்துவிட்டதே. மேலேயிருந்து தூள் பறந்து வந்து சட்டையிலும் முகத்திலும் அப்பியது. கொஞ்சம் வாய்க்குள்ளும் போயிற்று.

துப்பினேன். மறுபடியும் துப்பினேன்.

வேறொன்றும் எழுத விருப்பமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் தலைக்குள்ளேயே கிடந்து நாறுகிறது.

அது மருது. தைலமரத்தின் தூள் அப்படி இருக்காது. இது வாயில் போட்டால் பாக்குக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கிற தூள். ரம்பப் பல்லை மழுக்குகிற மரம். இருட்டறையில் கொடுத்தாலும் சொல்லுவேன். ஆற்றோரத்தில் நிற்கிற நீர்மருது. இந்த மண்ணின் மரம்.

பட்டியலைத் தட்டச்சு செய்தவன் தவறாக அடித்திருப்பான்.

ஜூன் 18, புதன்

கைக்குட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ஆறு தண்ணீர் மாற்றியாயிற்று. தைல வாசனை போகவே இல்லை. கொடியில் காயப்போட்டிருக்கிறேன், நடையெல்லாம் அதே வாசனை.

மரத்துக்கு முன்னால் நின்று என் சொந்தக் கைக்குட்டையை முகர்ந்திருக்கிறேன். இதை வேறு யார் கையிலும் கொடுக்கும்படியாக எழுதக்கூடாது. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

ரோட்டு ஆபீசுக்குப் போனேன். தட்டச்சில் ஒரு சின்னப் பிழை, பதினேழுக்கு நேரே நீர்மருது என்று மாற்றிவிடுங்கள் என்று குமாஸ்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து என் கையால் எழுதிய தாளையே எடுத்து மேசையில் வைத்தார். தைலமரம். கீழே சுழி.

"இது உங்க எழுத்துதான அண்ணாச்சி? சுழிலாம் போட்டிருக்கிய."

"ஆமா."

"அப்ப தட்டச்சுல பிழை இல்ல. எழுதினவரே கூட்டத்துல வந்து, ஏன் தப்பா எழுதினேன்னு சொல்லி எழுதிக் கொடுக்கணும். கூட கையெழுத்துப் போட்ட டீச்சரும் வரணும்."

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அவர் காட்டிய தம்ளரின் விளிம்பில் யாரோ குடித்த தடம் இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஊர் முழுக்க என்னிடம் மரம் கேட்டுத்தான் நிலை வைக்கிறது, ஜன்னல் வைக்கிறது. ஒரு மரத்துக்காக அதையெல்லாம் விட முடியுமா? கிழடு தட்டின மரம். நான் சொல்லாவிட்டாலும் பத்து வருஷத்தில் தானே விழும். மருது அப்படிச் சீக்கிரம் விழாது என்பது வேறு விஷயம்.

ஜூன் 20, வெள்ளி

மைதீன் பாத்து வேறு இடம் பார்த்துவிட்டாளாம். கறிக்கடைக்குப் பின்னால், தோலும் குடலும் கொட்டுகிற குழிக்கு ஓரம். வெயில் நேரே அடிக்கும். ஈ மொய்க்கும் இடம். கிழிசல் துணியைக்கூட யாராவது தைக்கக் கொடுப்பார்களா அங்கே?

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மரத்த வெட்டும்போது ஒரு பலக எனக்கு வாங்கித் தருவியளா? மெஷின் மேசப்பலக ஒடஞ்சி கெடக்கு. நீங்க மில்லுக்காரருல்லா, நீங்க சொன்னா குடுப்பாவ."

"தைலமரப் பலக வளைஞ்சிரும்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"வளைஞ்சா வளையட்டும். இதுக்குக் கீழயே இருந்தாச்சு, இதோட பலகையாவது கூட வரட்டும்."

வரும் வழியில் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று எழுத நினைத்தேன். மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஜூன் 23, திங்கள்

கூட்டம் பதினோரு மணிக்கு. நாற்பது பேர் இருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரம்மா. செண்பகவல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்கு வரச்சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பதினேழாம் மரம் என்று கூப்பிட்டதும் எழுந்தேன்.

"அது தைலமரம் இல்ல. நீர்மருது. நான்தான் தப்பா எழுதினேன்."

செண்பகவல்லி என் முகத்தைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுதுங்க ஐயா?" என்றார் இன்ஜினியரம்மா.

"கெள அறுக்கும்போது தூள் வாயில விழுந்துச்சு. மருதுத் தூள்."

"இலை, காய் வச்சுச் சொல்லுங்க. தூளை வச்சு எப்படி எழுதுறது? நீங்க மில்லுல அளவுக்காரரா இருந்ததா இங்க போட்டிருக்கே. நிக்கிற மரத்தப் பாத்து உங்களுக்குத் தெரியலையா?"

கொச்சி வியாபாரி கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்த கதையை விழுங்கினேன். எச்சிலை விழுங்கினது போல இருந்தது.

"நான் அளவுக்காரன் இல்லம்மா. அளவுக்காரர் வேற ஒருத்தர். நான் ரம்பத்துக்குக் கீழ பள்ளத்துல நின்னு மரத்தூள் அள்ளினேன். முப்பத்துநாலு வருசமும் அதான் வேல. எனக்கு நிக்கிற மரம் தெரியாது. தூளுதான் தெரியும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகம். அவன் சிரிப்பு எனக்குத் தெரியும்.

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. "அப்போ மத்த அறுபத்திரண்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினேழை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

"பதினாலு நிச்சயமாத் தெரியும். மிச்சம் எதிர்ப்பக்கம் நின்னு எழுதினது."

"நாற்பத்தொண்ணு வாகைன்னு போட்டு ஒதுக்கியிருக்கு. அது?"

"அது எனக்குத் தெரியாது. டீ குடிச்சிட்டு எழுதினேன்."

பின்வரிசைச் சிரிப்பு நின்றுவிட்டது.

செண்பகவல்லி எழுந்து வெளியே போனாள். கால் மணி நேரத்தில் திரும்பினாள். புடவைக் கரையெல்லாம் சாக்கடைச் சேறு. கையில் பதினேழாம் மரத்து இலை ஒரு கொத்து, சிறகு வைத்த காய் இரண்டு. இலைக்காம்பு தொடங்குகிற இடத்தில் பாலுண்ணி மாதிரி இரண்டு சின்னப் புடைப்பைக் காட்டினாள். கசக்கி நீட்டினாள். தைல வாசனை துளிகூட இல்லை. இன்ஜினியரம்மா சிவப்பு மையை அடித்து நீர்மருது, ஒதுக்கம் என்று எழுதினார். நான் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுழி போடவில்லை.

மீதிப் பட்டியல் ரத்து. வரும் திங்களுக்குள் மறுபடி பார்த்துக் கொடுக்க வேண்டும். நாற்பத்தொன்று தூங்குமூஞ்சி மரமாம், தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாம். செண்பகவல்லி போகிற வழியில் அதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குச் சிவப்புக் குறி.

"டீச்சர், இனிமே பாக்காம கையெழுத்துப் போடாதீங்க" என்றார் இன்ஜினியரம்மா, நாற்பது பேருக்கு முன்னால். அவள் தலையாட்டினாள். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

பாலத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"கண்ணக் கட்டிப் பதினெட்டுத் துண்டு சொன்னது?"

"ஏழு. கண்ணு கட்டல."

"கைக்கடிகாரம்?"

"அது நான் வாங்கினது."

"சின்னப் பிள்ளையில அந்தக் கதைய எத்தன தடவ கேட்டிருக்கேன் தெரியுமா மாமா" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

கோமதிநாயகம் கடையில் என் தலையைக் கண்டதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்த நிழலில் உட்கார்ந்து டீ குடித்தவர்களில் ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. அவன் மேல் தப்பில்லை.

மைதீன் பாத்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போனேன்.

"அப்ப எனக்குப் பலக கெடையாதா?" என்றாள்.

"கெடையாது."

"பேரு தெரியாமத்தான் அன்னைக்குத் தொரை, கூடாரம்னு அளந்தியளாக்கும்."

"ஆமா."

"நான் அன்னைக்கே காயக் காட்டினேன்."

"காட்டின."

ஊசியில் நூலைக் கோத்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"தெனமும் நான்தான் போடுதேன். இன்னைக்கு நீங்க போடுங்க அண்ணாச்சி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டினேன். கைக்குட்டை இல்லை. அங்கே என்னென்ன கிடந்தது என்று எழுதமாட்டேன். பவுடரைத் தூவினதும் வந்த காரம் கண்ணையே எரித்தது. மூச்சை அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, கடைசியில் விட்டுவிட்டேன். இரண்டு ஆம்பிளைகள் அந்தப் பக்கம் ஒதுங்க வந்தார்கள். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள்.

ஜூன் 28, சனி

செண்பகவல்லி நோட்டு, நான் டேப். அவள் கேட்டாலொழிய நான் வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. மூன்று நாளாகப் பள்ளி விட்டதும் வந்து நாற்பத்தெட்டு மரம் வரை முடித்தோம். இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம், அவளால் வர முடியவில்லை. நோட்டை மட்டும் கொடுத்தனுப்பினாள். நம்பியா, வேறு வழியில்லாமலா, தெரியவில்லை.

நாற்பத்தொன்பதாம் மரம். காலை முழுக்க இதிலேயே போயிற்று. மீன்காரி கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற இடம். செதிலும் செவுளும் வேரைச் சுற்றி ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அதற்குள் கால் வைத்துத்தான் நின்றேன்.

சுற்றளவு ஒன்று நாற்பது. பட்டை சாம்பல் நிறம், அங்கங்கே வெள்ளைப் புள்ளி. ஆணி எட்டு. ஒரு காம்புக்கு இலை மூன்று மூன்றாக இருக்கிறது. நாற்பது காம்பு எண்ணினேன், எல்லாம் மூன்றுதான். இலை மேலே பளபளப்பு, அடியில் வெளிறல். காய் ஒன்று கிடைத்தது, எலுமிச்சை அளவு, ஓடு தடிப்பு, நீளமான காம்பு. உடைத்தால் உள்ளே மஞ்சளாகக் கொழகொழவென்று விதை. இலையைக் கசக்கி மூக்கில் வைத்தேன். அழுகின முட்டைக்கோசும் கடுகும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். தலையைத் திருப்பிக்கொண்டேன். மறுபடியும் வைத்து முகர்ந்தேன். மூன்றாம் தடவையும்.

மீன்காரி கேட்டாள். "என்ன மரம்யா இது?"

"தெரியலம்மா."

பெயர்க் கட்டத்திலும் அதையே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கசக்கியது இடது கையால், அதனால் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை. விரலைக் கழுவவில்லை. ஐம்பதாம் மரத்துக்கும் மூன்று இலைதான். இதே நாற்றமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.